ஐந்தாவது கவர்

ஜெயிக்கிற டெண்டர் எழுதுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தோற்கிற டெண்டர் எழுதத்தான் மண்டை வேண்டும். பச்சைமுத்து இந்தத் தொழிலுக்கு வந்ததும் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான்.

ஜெயிக்க வேண்டிய கவரில் கேட்ட காகிதம் எல்லாம் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து இருக்கும். ரேட்டு மற்றவர்களைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்கும். அதோடு சரி. தோற்க வேண்டிய கவர் அப்படி இல்லை. பிரித்துப் பார்க்கிற ஆபீசருக்கு, இந்த ஆளும் ஜெயிக்கத்தான் பாடுபட்டிருக்கிறான், பாவம், எதையோ கோட்டை விட்டுவிட்டான் என்று தோன்ற வேண்டும். ஒரு கவரில் பணம் கட்டிய சலான் இருக்காது. இன்னொன்றில் கடைசிப் பக்கத்துக் கையெழுத்து விட்டுப்போயிருக்கும். மூன்றாவதில் எல்லாம் ஒழுங்காக இருந்து ரேட்டு மட்டும் ஏறிக் கிடக்கும். எல்லாரும் ஒரே மாதிரி தோற்றால் சந்தேகம் வரும். ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாகத் தோற்கடிக்க வேண்டும்.

திண்டிவனத்தில் காண்டிராக்டர்கள் நாலு பேர். விவசாய வேலை எது டெண்டருக்கு வந்தாலும், கால்வாய் தூர் வாருவதோ, உர மூட்டை ஏற்றி இறக்குவதோ, விதைக்கான மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உடைத்துக் கொடுப்பதோ, நாலு பேரும் லாட்ஜில் ரூம் போட்டுப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே இந்தத் தடவை யார் முறை என்று பேசி முடித்துவிடுவார்கள். அதற்கு ரிங்கு என்று பெயர். பேசி முடித்ததும் நாலு கவரும் பச்சைமுத்துவிடம் வரும். நாலையும் அவனே எழுதுவான். நாலு விதமான கையெழுத்து அவனுக்கு வரும். ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று நிமிர்ந்திருக்கும், ஒன்று குண்டு குண்டாக இருக்கும், ஒன்று கோழி கிளறியது போல இருக்கும்.

எழுதி முடித்ததும் காகிதங்களைக் குண்டூசியால் குத்தமாட்டான். ஊசி குத்திய கட்டிலிருந்து ஒரு தாளை உருவினால் உருவினது தெரியாது. எந்த ஆபீசிலும் தாளுக்குக் கால் முளைக்கும். அதனால் கோணி ஊசியையும் சணலையும் வைத்து மூட்டை வாய் தைப்பது மாதிரி ஓரத்தைத் தைத்துவிடுவான். மூட்டைக்குத் தூக்குவதற்குக் காது வைப்பார்களே, அதே போல இரண்டு முனையிலும் சணலை முறுக்கிச் சின்னதாக ஒரு காது வைப்பான். அம்மா கற்றுக்கொடுத்த தையல். அவள் ஆயுசெல்லாம் மல்லாட்டை உடைத்து மூட்டை தைத்துச் செத்தவள். இடக்கைக்காரி. அவள் வைக்கும் காது இடப்பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கும். அவனுக்கும் அப்படித்தான் வரும். அதைப்பற்றி அவன் யோசித்ததே இல்லை. எழுதுவது வேலை, தைப்பது பழக்கம்.

நாலு காண்டிராக்டர்களுக்கும் தலை சக்கரபாணி. மெயின் ரோட்டில் சொந்தமாக மல்லாட்டை மில் வைத்திருக்கிறார். குரலை உயர்த்திப் பேசமாட்டார். பச்சைமுத்துவை 'வாய்யா போய்யா' என்றுதான் சொல்வார், 'டா' போடமாட்டார். பச்சைமுத்துவுக்கு முன்னால் ரிங்குக்கு எழுதிக்கொண்டிருந்த சின்னக்கண்ணுவையும் அவர் 'டா' போட்டதில்லை.

சின்னக்கண்ணு ஒரு தடவை செஞ்சியிலிருந்து வந்த வெளியாள் ஒருவருக்கு உர டெண்டர் எழுதிக் கொடுத்தார். வெளியாள் ஜெயித்தார். அந்த வாரமே சக்கரபாணியின் மில்லில் மல்லாட்டை உடைக்கும் மெஷினில் சின்னக்கண்ணுவின் வலது கை போய்விட்டது. எழுதுகிற ஆளுக்கு மெஷின் பக்கத்தில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. இப்போது அவர் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இடது கையால் வெற்றிலை மடித்துக் கொடுக்கிறார். "எப்பிடிண்ணே ஆச்சு?" என்று கேட்டால், "மெஷின்ல மாட்டிக்கிச்சு" என்பார். பச்சைமுத்து மூன்று நாலு தடவை கேட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு வார்த்தை, அதே குரல்.

பச்சைமுத்துவின் கடை என்பது ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டின் மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் மேஜை. விதை மல்லாட்டை டெண்டருக்கு விளம்பரம் வந்த வாரம் கெங்கம்மாள் அங்கே வந்து நின்றாள். கிளியனூர்க்காரி. அவன் அம்மாவோடு ஒன்றாக உட்கார்ந்து மல்லாட்டை உடைத்தவள், இப்போது அந்தப் பெண்கள் கூட்டத்துக்கு மேஸ்திரி. விதைக்கான மல்லாட்டையை மெஷினில் விடக்கூடாது. பருப்பின் தோல் உரிந்தால் முளைக்காது. கையால்தான் உடைக்க வேண்டும். டெண்டர் எடுப்பது சக்கரபாணி, கிடங்கில் உட்கார்ந்து உடைப்பது இவர்கள்.

"பச்ச, எங்களுக்கு ஒரு டெண்டர் எழுதிக் குடு."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான். மல்லாட்ட ஒடைக்கிற பொம்பளைங்களுக்கு. சங்கம் வெச்சி ரிஜிஸ்டர் பண்ணியாச்சி. டெபாசிட்டுக்கும் காதுல மூக்குல கெடந்தத வெச்சித் தேத்திட்டோம்."

"மெதுவாப் பேசு சின்னம்மா."

"எதுக்கு மெதுவா? நான் இன்னா திருடிக்கினா வந்தேன்?"

பச்சைமுத்து எழுந்து படிக்கட்டுக்கு மேலே பார்த்தான். டைப்பிங் மெஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"சின்னக்கண்ணு கையப் பாத்தியா நீ?"

"பாக்காம இன்னா? தெனம் அவன்கிட்டதான் வெத்தல வாங்கறேன்."

"பாத்துட்டுமா எங்கிட்ட வந்து நிக்கிற?"

"வேற யாருகிட்ட போவச் சொல்ற? எழுதத் தெரிஞ்சவன் எல்லாம் அவங்க ஜோபிலதான் கெடக்கறான். நீயும் அங்கதான் கெடக்கற. ஆனா உன்னியத் தூக்கி வளத்தவ நானு."

"என்னால ஆவாது சின்னம்மா. எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குது."

கெங்கம்மாள் மேஜை மேல் இருந்த சொம்பை எடுத்தாள். வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தாள். அவன் காலடியில், சிமெண்டுத் தரையில், துப்பினாள்.

"பாரு. வெள்ளையா இருக்குதா?"

பச்சைமுத்து பார்க்கவில்லை. கிடங்கில் சாயங்காலம் வேலை முடிந்ததும் சக்கரபாணியின் சூப்பர்வைசர் ராஜாமணி வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவான். ஒவ்வொருத்தியும் அவன் முன்னால் வாய் கொப்பளித்துத் துப்பிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். துப்பியது வெள்ளையாக இருந்தால் மல்லாட்டை தின்றிருக்கிறாள் என்று அர்த்தம். அன்றைய கூலி கிடையாது. சில நாள் அடியும் உண்டு. பச்சைமுத்து சின்னப் பையனாக வாசலில் காத்திருந்தபோது அம்மா துப்பிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறான். அப்போது ஸ்டூலில் வேறொருவன் இருந்தான்.

"மாசமா இருக்கிற பொண்ணு முந்தாநாளு நாலு பருப்பு தின்னுட்டுது. ராஜாமணி அவ வாய்க்குள்ள வெரல விட்டுத் தோண்டறான். மேஸ்திரின்னு பேரு, நான் பாத்துக்கினு நிக்கறேன்." கெங்கம்மாள் சொம்பை மேஜை மேல் வைத்தாள். "இனிமே நாங்க யாருக்கும் துப்பிக் காட்டறதா இல்ல. நீ எழுதினா எழுது. இல்லன்னா எனுக்குத் தெரிஞ்சத நானே கிறுக்கிப் போடறேன். தோக்கட்டும்."

அவள் போன பிறகு பச்சைமுத்து ஒரு கிழிசல் துணியைக் காலால் தள்ளித் தரையைத் துடைத்தான். அன்று முழுக்க அந்த இடம் ஈரமாகவே இருப்பது போல அவனுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பிள்ளைகளையும் மேல்சித்தாமூரில் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் தாழ் போட்டான். ரிங்கின் நாலு கவரும் எழுதி முடித்தாகிவிட்டது. இது ஐந்தாவது. காகிதத்தைப் பாண்டிச்சேரியில் வாங்கி வந்திருந்தான், திண்டிவனத்துக் கடைத் தாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. தனக்கு வரும் நாலு கையெழுத்தையும் விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எழுதினான். வெளியே சைக்கிள் நின்றால் பேனாவும் நின்றது. யாரோ இருமினால் காகிதத்தின் மேல் துண்டைப் போட்டு மூடினான்.

ரேட்டில்தான் அதிகம் பயந்தான். சக்கரபாணியின் ரேட்டு அவனுக்குத் தெரியும், அதை எழுதியதே அவன்தான். ஒரு மயிரிழை குறைத்துப் போட்டால், உள்ளே இருப்பவன் சொல்லிக்கொடுத்தது என்று பச்சைக் குழந்தைக்கும் புரிந்துவிடும். ஆகவே நன்றாகவே இறக்கிப் போட்டான். பெண்களுக்குக் கட்டும். சூப்பர்வைசர் கிடையாது, ஜீப் கிடையாது, லாட்ஜ் பிரியாணி கிடையாது.

அடுத்த முள், முன் அனுபவம். மூன்று வருஷ அனுபவம் வேண்டும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். சங்கமோ போன தையில்தான் பிறந்தது. பச்சைமுத்து வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு, கிடங்கு வாசலில் பெண்களுக்குக் கொடுக்கும் பழைய நுழைவு அட்டைகளின் மூட்டையைப் பிரித்தான். எழுதித் தருகிறேன் என்று அவன் ரகசியமாகச் சொல்லி அனுப்பிய அன்றே கெங்கம்மாள் கொடுத்தனுப்பிய மூட்டை அது. வருஷவாரியாக அடுக்கினான். சங்கத்துக்கு வயது இல்லாவிட்டாலும் சங்கத்தில் இருக்கிற கைகளுக்கு வயது இருக்கிறது என்பதை ஆபீஸ் பாஷையில் ஒரு பக்கத்துக்கு எழுதி, அட்டைகளை இணைத்தான். இத்தனை வருஷத்தில் அவன் எழுதியதிலேயே சுத்தமான டெண்டர் அது. ஒரு பொத்தல் இல்லை.

கடைசியாக, ஒரு தாள்கூடக் காணாமல் போய்விடக்கூடாது என்று, கோணி ஊசியை எடுத்து ஓரத்தைத் தைத்தான்.

கவரைப் பெட்டியில் போடப் போனால் போட விடமாட்டார்கள். பெட்டியைச் சுற்றி ரிங்கின் ஆட்கள் நிற்பார்கள். அதனால் கிளியனூர் தபாலாபீசிலிருந்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பச் சொன்னான். தபால்காரன் பையை எவனும் பிடுங்கமாட்டான்.

டெண்டர் பிரிக்கும் நாள் வந்தது. சக்கரபாணியின் ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து பச்சைமுத்து விழுப்புரம் போனான். ராஜாமணிதான் ஓட்டினான். சூப்பர்வைசர், டிரைவர், அடியாள் மூன்றும் அவன்தான். வழியெல்லாம் சினிமாப் பாட்டை விசிலடித்துக்கொண்டு வந்தான். சக்கரபாணி அன்று சந்தோஷமாக இருந்தார், அவர் முறை.

ஆபீஸ் ஹாலில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். பின் பெஞ்சில் கெங்கம்மாள் இன்னும் இரண்டு பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். பச்சைமுத்துவைப் பார்த்தாள், தூணைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதுங்க எதுக்கு வந்துக்கினு இருக்குது?" என்றான் ராஜாமணி.

"கூலி கூட்டிக் குடுன்னு மனு குடுக்க வந்திருப்பாளுங்க" என்றார் சக்கரபாணி.

ஆபீசர் புதிதாக மாற்றலாகி வந்தவர். பெட்டியைத் திறந்து நாலு கவரை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு டிராயரைத் திறந்து ஐந்தாவதை எடுத்தார். "தபாலில் ஒன்று வந்திருக்கிறது. கிளியனூர் மாதர் தொழிலாளர் சங்கம்."

 சக்கரபாணி பின்னால் திரும்பிப் பெண்களைப் பார்த்தார். பிறகு மற்ற மூன்று காண்டிராக்டர்களைப் பார்த்தார். பச்சைமுத்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆபீசர் அரக்கை உடைத்து ஒவ்வொரு கவராகப் பிரித்தார். உள்ளே இருந்த கட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தார். ஐந்தாவதையும் வைத்தார். அப்போதுதான் பச்சைமுத்து நிமிர்ந்தான்.

ஐந்து கட்டு. ஐந்து ஓரத்திலும் சணல் தையல். ஐந்துக்கும் இரண்டு முனையிலும் காது.

 காகிதத்தை மாற்றினான், மையை மாற்றினான், எழுத்தை மாற்றினான். கையை மாற்ற மறந்துவிட்டான். தையலை அவன் எழுத்தில் சேர்த்ததே இல்லை. முன் பெஞ்சில் இருக்கிற யாருக்கும் அது தெரியும். கண் இருந்தால் போதும்.

ஆபீசருக்குக் கண் இருந்தது. ஒரு கட்டைத் தூக்கிக் காதைப் பிடித்து ஆட்டினார். "என்னப்பா இது, அஞ்சு பேருக்கும் ஒரே டெய்லர் கடையா?"

பக்கத்தில் நின்ற கிளார்க் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. சக்கரபாணியின் முகம் மெதுவாகத் திரும்பி பச்சைமுத்துவின் மேல் வந்து நின்றது. அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் பச்சைமுத்துவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். அதில் ஒன்றுமே இல்லை. கணக்குப் போடுகிறவனின் கண்.

அந்தக் கணக்கு பச்சைமுத்துவுக்கும் புரிந்தது. என் ஆள்தான் அதையும் எழுதினான் என்று சக்கரபாணி வாயைத் திறக்க முடியாது. திறந்தால் நாலு கவரையும் ஒரே ஆள் எழுதியது வெளியே வரும், நாலு பேர் லைசென்சும் போகும். இந்த ஹாலுக்குள் இருக்கிற வரைக்கும் தன் கை தன்னுடையது. இந்த ஹாலுக்கு நாலு சுவர்தான்.

பின்னாலிருந்து கெங்கம்மாளின் குரல் வந்தது. "மல்லாட்ட மூட்டயத் தைக்கிறவங்க சார் நாங்க. பேப்பர மட்டும் வேற மாதிரி தைக்க எங்க போயிக் கத்துக்கறது?" மடியிலிருந்து கோணி ஊசியை எடுத்துக் காட்டினாள்.

"சரிம்மா, உக்காருங்க" என்றார் ஆபீசர். ரேட்டுகளை வாசித்தார். மாதர் சங்கத்தின் ரேட்டை வாசித்தபோது காண்டிராக்டர் ஒருவர், "ஆவாத ரேட்டு சார்" என்றார். "ஆகுமா ஆகாதா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார் ஆபீசர். "ஆட்சேபணை இருந்தால் நாளை மாலைக்குள் மனு கொடுக்கலாம். உறுதிமொழித் தாள் இல்லாத மனுவை நான் படிக்கக்கூட மாட்டேன். விளம்பரத்திலேயே போட்டிருக்கிறது."

வெளியே வந்ததும் சக்கரபாணி, "ஏறுய்யா" என்றார்.

திரும்பி வரும்போது ராஜாமணி விசிலடிக்கவில்லை.  திண்டிவனத்துக்குள் நுழைந்தும் பஸ் ஸ்டாண்டில் ஜீப் நிற்கவில்லை. ஓடும் ஜீப்பிலிருந்து பச்சைமுத்து சின்னக்கண்ணுவின் கடையைப் பார்த்தான். அவர் வெற்றிலையைத் தொடையில் வைத்து இடது கையால் நீவிக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

மில்லில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒருவன் கூடை கூடையாகக் காயைக் கொட்டிக்கொண்டிருந்தான். உள்ளே உருளை சுற்றிற்று, ஓடு நொறுங்கும் சத்தம் எலும்பு நொறுங்குவது போலவே இருந்தது, அல்லது பச்சைமுத்துவுக்கு அன்று அப்படிக் கேட்டது. சக்கரபாணி அதன் பக்கத்திலேயே நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். பச்சைமுத்துவை நிற்க வைத்தார்.

"யாருய்யா தச்சது?"

"அந்தப் பொம்பளைங்கதான் மொதலாளி."

"உன் தையலும் அவளுங்க தையலும் ஒண்ணா இருக்குதே."

"மூட்டை தைக்கிறவங்க எல்லாரும் அப்பிடித்தான் மொதலாளி தைப்பாங்க."

சக்கரபாணி கட்டை விரலால் மோவாயைத் தடவினார். "ராஜாமணி. அந்த அட்டியில இருக்கிற மூட்டை அவளுங்க தச்சதுதானே?"

"ஆமாண்ணே. போன மாசம் இங்க வேல செஞ்சப்போ தச்சது."

"ஒண்ணு ரெண்டு வாயை அறுத்து எடுத்துக்கினு வா. காதோட." தன் பையிலிருந்து பழைய டெண்டர் நகல் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதில் பச்சைமுத்துவின் தையல் இருந்தது. காது இடப்பக்கமாக முறுக்கியிருந்தது.

ராஜாமணி கத்தியை எடுத்துக்கொண்டு, மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த அட்டியை நோக்கிப் போனான். பச்சைமுத்து அவன் முதுகையே பார்த்தான்.  இடக்கைக்காரி அம்மா ஒருத்திதான். உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் வலப்பக்கம் முறுக்குவார்கள். அவள் செத்து வருஷங்கள் ஆகிவிட்டன. அட்டியில் இருப்பது வேறு யார் யாரோ தைத்த மூட்டை. தன் வலது கை தொங்கிக்கொண்டிருப்பது அவனுக்கு மிகவும் கனமாகத் தெரிந்தது. மெஷினில் காய் கொட்டுகிறவன் ஒரு தடவை அவனைப் பார்த்தான், பிறகு பார்க்காதது போலக் கூடையை எடுத்தான்.

ராஜாமணி மூன்று கோணி வாய்களைக் கொண்டுவந்து போட்டான். சக்கரபாணி ஒன்றை எடுத்து நகலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதையும் எடுத்தார்.

"ஒரே முறுக்குத்தான்" என்றார்.

பச்சைமுத்துவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அம்மாதான் அந்தக் கூட்டத்துக்கே தைக்கக் கற்றுக்கொடுத்தவள். கெங்கம்மாளுக்கு அவள் கற்றுக்கொடுத்தாள், கெங்கம்மாள் மற்றவர்களுக்கு. வலக்கைக்காரிகளும் அப்படியே இடப்பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"நீ எங்கய்யா கத்துக்கின?"

"மூட்டை தூக்கற வூட்டுல பொறந்தவன் மொதலாளி. அங்க வேற இன்னா கத்துக்குவேன்?"

அவன் அம்மா யார், எந்த ஊர் என்று சக்கரபாணி ஒருநாளும் கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை. லேசாகச் சிரித்தார். "ஜோபில பேனா குத்திக்கினாலும் கோணி வாசன போவல பாரு." ராஜாமணியும் சிரித்தான். பச்சைமுத்துவும் சிரித்து வைத்தான்.

"சரி. ஆட்சேபணை எழுது. சங்கம் பொறந்து ஒரு வருசம்கூட ஆவல, மூணு வருச அனுபவம் எங்கேர்ந்து வரும்? அதப் புடிச்சி எழுது. ஆபீசர் படிச்சா அவளுங்க கவரைக் கிழிச்சிப் போடணும்."

அதுதான் ஒரே முள். அதை அவன் பக்கம் பக்கமாக மூடி வைத்திருந்தான். அதையே இப்போது அவன் கையால் பிடுங்க வேண்டும். மில் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து எழுதினான். சக்கரபாணி பின்னால் நின்று வரிக்கு வரி படித்தார். வேண்டுமென்றே மொண்ணையாக எழுதிய ஒரு வாக்கியத்தை உடனே கண்டுபிடித்தார்.

"இது இன்னாய்யா, அழுதுக்கினு கெடக்குது? அடிச்சி எழுது."

அடித்து எழுதினான். மனு நன்றாக வந்தது. தன் கையெழுத்திலேயே தன் டெண்டர் சாகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், சொன்னதெல்லாம் உண்மை, பொய்யென்றால் டெபாசிட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று அரைத் தாளில் உறுதிமொழி எழுதினான். சக்கரபாணி எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். ஒரு இடம் விடவில்லை. எண்ணிப் பார்த்தார்.

பச்சைமுத்து பழக்கத்தில் கோணி ஊசியை எடுத்தான்.

"தைக்காத" என்றார் சக்கரபாணி. "இனிமே உன் தையல் எந்தப் பேப்பர்லயும் இருக்கக் கூடாது. குண்டூசி குத்து."

பச்சைமுத்து குண்டூசியைக் குத்தினான். காகிதத்துக்குள் அது சுலபமாகப் போயிற்று. சுலபமாகப் போனது சுலபமாக வரும்.

மறுநாள் ராஜாமணியும் அவனும் மட்டும் விழுப்புரம் புறப்பட்டார்கள். மனுக் கவரை ராஜாமணி தன் மடியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினான். விக்கிரவாண்டியில் டீக்கடை ஓரம் ஜீப்பை நிறுத்தினான். இறங்கும்போது கவரைப் பச்சைமுத்துவிடம் எறிந்தான். "புடி. டீ வேணுமா?"

"வேணாண்ணே. மல்லாட்ட ஒரு பொட்டலம் வாங்கிக்கறேன்."

கடையில் தொங்கிய வறுத்த மல்லாட்டைப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு ஜீப்பில் வந்து உட்கார்ந்தான். ராஜாமணி முதுகைக் காட்டி நின்று டீக்கடைக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். கவர் ஒட்டாமல் திறந்தே இருந்தது. பச்சைமுத்துவின் விரல் குண்டூசியைத் தேடியது. விரல் வியர்த்து வழுக்கியது. உறுதிமொழித் தாள் கடைசியில் இருந்தது. உருவினான். ஊசியைத் திரும்பக் குத்தினான். வெளியே வீசினால் காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்று தெரியாது. பையில் வைத்தால் பையைப் பார்ப்பான். மடித்து வாயில் போட்டான்.

காகிதம் வாயில் கரையவில்லை. நாக்கில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லப் பெருத்தது. மை கசந்தது. உமிழ்நீர் வற்றிவிட்டது. மல்லாட்டையை அள்ளி வாயில் போட்டு அதோடு சேர்த்து மென்றான். தொண்டையில் ஒரு தடவை அடைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கினான். இன்னும் கொஞ்சம் இருந்தது.

"இன்னாடா வாய்க்குள்ள?"

ராஜாமணி ஜன்னல் ஓரம் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. கையில் கடைக்காரனின் தண்ணி டம்ளர் இருந்தது.

"மல்லாட்டண்ணே."

"மல்லாட்டைக்கு ஏன்டா கண்ணு கலங்குது?"

"காரலா ஒண்ணு கெடந்துச்சி."

ராஜாமணி அவன் முகத்தையே பார்த்தான். பிறகு டம்ளரை நீட்டினான். அவன் உதட்டில் சிரிப்பு இருந்தது. கிடங்கு வாசலில் ஸ்டூலில் உட்காரும்போது இருக்கிற அதே சிரிப்பு. விளையாட்டா நிஜமா என்று பெண்களுக்கு எப்போதும் தெரியாது என்று கெங்கம்மாள் சொல்வாள்.

"எங்க, கொப்பளிச்சித் துப்பு பாக்கலாம்."

பச்சைமுத்து டம்ளரை வாங்கினான்.  மிச்சமிருந்ததை நாக்கால் மேலண்ணத்துக்குத் தள்ளி, தண்ணீரோடு சேர்த்து ஒரு மடக்கு விழுங்கினான். மீதித் தண்ணீரைக் கொப்பளித்தான். மை சாயம் விட்டிருக்குமா, நாக்கு நீலமாக இருக்குமா, தெரியாது. அம்மா எப்படித் துப்புவாள் என்று நினைவு வந்தது. தலையை நிமிர்த்தாமல், ஸ்டூலில் இருப்பவன் காலுக்குக் கொஞ்சம் தள்ளி.

துப்பினான்.

ராஜாமணி குனிந்து தார் ரோட்டைப் பார்த்தான்.

"வெள்ளையாத்தான் இருக்குது" என்றான். "இன்னிக்குக் கூலி கெடையாது உனுக்கு." பெரிதாகச் சிரித்துக்கொண்டே பொட்டலத்தில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டான். கவரை எடுத்து மறுபடியும் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பைக் கிளப்பினான்.

விழுப்புரத்தில் கிளார்க் தாள்களை எண்ணாமல் கவரை வாங்கி முத்திரை குத்தினார். பச்சைமுத்து அந்த முத்திரை விழுகிற சத்தத்தைக் கேட்டான். இனிமேல் எப்படியும் பதில் வரும். உறுதிமொழித் தாள் இணைக்கப்படவில்லை, மனு ஏற்கப்படவில்லை என்று வரும். சக்கரபாணி அவனைக் கூப்பிடுவார். மெஷின் பக்கத்தில் நாற்காலி போடுவார்கள்.

திரும்பும் வழியெல்லாம் அவன் ஒரே ஒரு வாக்கியத்தை உதடு அசையாமல் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். தச்சிருந்தா தாளு போயிருக்காது மொதலாளி, குண்டூசி குத்தச் சொன்னது நீங்கதானே. கடைசிப் பாதியை விட்டுவிடலாமா என்று யோசித்தான். விட்டுவிட்டான். தச்சிருந்தா தாளு போயிருக்காது மொதலாளி. அவ்வளவு போதும். அதைச் சொல்லும்போது குரல் நடுங்கக் கூடாது. சின்னக்கண்ணு சொல்வது போல, எத்தனை தடவை கேட்டாலும் அதே வார்த்தை, அதே குரலில் சொல்ல வேண்டும்.

மயிலம் தாண்டும் வரைக்கும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.